சீருடையோடு ஊருக்குப் போகிறீர்களா? மது விஷயத்தில் மலையகத்துப் புதுச் சிப்பாய்களுக்கு ஒரு வழிகாட்டி

தோட்டத்திலிருந்து இராணுவத்திலோ பொலிஸிலோ புதிதாகச் சேர்ந்து, பயிற்சி முடிந்து முதல் லீவில் ஊருக்குப் போகப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சீருடையில் இருக்கும்போது மது விஷயத்தில் எப்படி நடக்க வேண்டும் என்று நான் சேர்ந்த காலத்தில் யாரும் முழுதாகச் சொல்லித் தரவில்லை. உத்தரவெல்லாம் சிங்களத்தில் பலகையில் ஒட்டியிருக்கும். அப்போது எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. ஒன்றைக் கோப்ரலிடம், ஒன்றைக் கிளார்க்கிடம், மற்றதைக் கோச்சியில், அதாவது ரயிலில், கூட வந்த மூத்தவர்களிடம் என்று துண்டு துண்டாகக் கேட்டுத்தான் சேர்த்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

குடிப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் உடம்பில் சீருடை இருக்கும் வரை கையில் மது இருக்கக் கூடாது, வாயில் அதன் வாசமும் இருக்கக் கூடாது. சொல்வதற்கு இது லேசு. கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ஐந்தாறு மணி நேரக் கோச்சி, அப்புறம் தோட்டத்துக்கு பஸ், அப்புறம் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், காத்திருக்கும் மாமன் மச்சான்மார். முன்கூட்டியே யோசித்து வைக்காவிட்டால் இதில் எங்காவது ஓரிடத்தில் வழுக்கிவிடும்.

1. லீவு பாஸ் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்

கையில் இருக்க வேண்டியவை: லீவு பாஸ், சேவை அடையாள அட்டை, பயண வாரண்ட். மூன்றையும் ஒரே பையில் போடாதீர்கள். அட்டை உடம்போடு இருக்கட்டும். பாஸையும் வாரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டை ஸ்டேஷன் கவுண்டரில் கொடுத்து டிக்கட்டாக மாற்றிய பிறகுதான் கோச்சியில் ஏற வேண்டும். அதற்கு வரிசை இருக்கும், அரை மணி நேரமாவது முன்னால் போங்கள்.

கிளார்க்கிடம் கேட்க வேண்டியது மூன்று. லீவில் போகும்போது சீருடையில் போக வேண்டுமா, சிவிலில், அதாவது சாதாரண உடுப்பில், போகலாமா? திரும்பி வந்து பதிய வேண்டிய நேரம் சரியாக எது? வழியில் ஏதாவது ஆனால் எந்த நம்பருக்கு அழைப்பது? முதல் கேள்விக்குப் பிரிவுக்குப் பிரிவு பதில் மாறும். பக்கத்துக் கேம்பில் இருக்கும் நண்பன் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். நம்பரைத் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள், மலைப் பாதையில் போன் சார்ஜ் தீர்ந்துபோவது சாதாரணம்.

இன்னொன்று. இராணுவத்தில் சேர்ந்தவர் என்றால், லீவில் இருந்தாலும் நீங்கள் இராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்தான். 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தில் குடிபோதை தனிக் குற்றமாகவே இருக்கிறது. "லீவுதானே, யார் கேட்பது" என்று சொல்பவர்கள் அதை வாசித்ததில்லை.

மெஸ்ஸில் சீருடையிலேயே குடிக்கிறார்களே என்று கேட்பீர்கள். மெஸ் விருந்து வேறு. எப்போது உட்காருவது, எப்போது குவளையைத் தூக்குவது, யார் எழுந்த பிறகு எழுவது என்று அங்கே எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு, பார்த்துக்கொள்ளப் பெரியவர்களும் உண்டு. அந்தப் பழக்கத்தை மெஸ் வாசலோடு விட்டுவிடுங்கள்.

2. வயதையும் நாளையும் பாருங்கள்

18, 19 வயதில் சேர்ந்திருந்தால் இது உங்களுக்கு முக்கியம். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்த யாருக்கும் மது விற்க முடியாது. சீருடையைப் பார்த்துக் கடைக்காரர் வயது கேட்காமல் விடலாம். சட்டம் விடாது. துப்பாக்கி பிடிக்கும் வயது வந்துவிட்டது என்ற பேச்சு அங்கே எடுபடாது.

போயா நாட்களில் நாடு முழுக்க மதுக்கடைகள் பூட்டு. பெப்ரவரி 4, ஒக்டோபர் 3 போன்ற நாட்களிலும் அப்படித்தான். இந்த நாட்களில் பையில் போத்தலோடு போனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது தனியாகவே தெரியும். போயாவை ஒட்டி லீவு கிடைத்தால் கூட்டமும் அதிகம், சோதனையும் அதிகம். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். அந்த மாதங்களில் கினிகத்தேனை வழியாகப் போகும் வாகனங்களைப் பொலிஸார் போதைப்பொருளுக்காக நிறுத்திப் பார்ப்பார்கள். யாத்திரைக்காரர்கள் நிறைந்த பஸ்ஸில் சீருடைக்காரரின் பையிலிருந்து சாராயப் போத்தல் வெளியே வந்தால், சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சனம் எப்படிப் பார்க்கும் என்று யோசியுங்கள்.

3. உடுப்பை எங்கே மாற்றுவது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும்விட இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும்.

சிவிலில் போக அனுமதி இருந்தால் கேம்பிலேயே மாற்றிவிடுங்கள். சீருடையை மடித்து, சின்னங்களைக் கழற்றித் தனி உறையில் போட்டு, பைக்கு அடியில் வையுங்கள். வழியில் மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பினால் பெரும்பாலும் நடக்காது. கோட்டை ஸ்டேஷன் கழிவறை வரிசையில் நிற்கும்போதே கோச்சி வந்துவிடும். ஓடும் கோச்சியின் கழிவறையில் பூட்ஸ் கழற்றி மாட்டிப் பாருங்கள், தெரியும்.

சீருடையில்தான் போக வேண்டும் என்று உத்தரவு இருந்தால், வீட்டுக்குப் போய்க் குளித்து உடுப்பு மாற்றும் வரை மதுவின் பக்கமே போகாதீர்கள். இதில் பாதி வழி என்று ஒன்று இல்லை.

பாதிச் சீருடையும் சீருடைதான். மேலே டீசேட், கீழே கேமோ ட்ரவுசரும் பூட்ஸும். இப்படித்தான் பலர் "நான் சிவிலில்தானே இருக்கிறேன்" என்கிறார்கள். நம் பக்கத்துக் குளிரால் வரும் பொறி ஒன்றும் உண்டு. கொழும்பில் ஏறும்போது வேர்த்துக் கொட்டும். நாவலப்பிட்டி தாண்டியதும் காற்று மாறும், நானுஓயா வரும்போது பல் கிட்டும். கைக்குக் கிடைப்பது பையிலிருக்கும் கேமோ ஜக்கெட். அதை எடுத்து மாட்டிய நிமிடமே நீங்கள் மறுபடி சீருடைக்காரர். வீட்டிலிருந்து சாதாரண ஜேர்சி ஒன்றை வாங்கி லொக்கரில் வைத்துக்கொள்ளுங்கள். பழசானாலும் பரவாயில்லை, நிறம் மட்டும் பச்சையாக வேண்டாம்.

குளிருக்கு ஒரு மிடறு என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். மது தோலுக்கு அடியில் இருக்கும் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதனால் சூடு ஏறுவது போலத் தோன்றும், உண்மையில் உடம்பின் சூடு வெளியே போகிறது. பட்டிப்பொல ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 1,890 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ராக் கோச்சியில், அதாவது இரவு ரயிலில், அங்கே குடித்துவிட்டுத் தூங்குபவர் விறைத்துப்போய்த்தான் எழுந்திருப்பார். பிளாஸ்கில் பிளேன்டீ கொண்டு போங்கள்.

4. கோச்சியில்

2025 நவம்பரில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் சேதப்படுத்தியது. ஆகவே பழைய நேர அட்டவணையை நம்பாமல், புறப்படுவதற்கு முதல் நாள் எந்த ஸ்டேஷன் வரை எது ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்காகப் பொழுது போக்க வேண்டி வந்தால், ஸ்டேஷனுக்கு வெளியே கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் பார்தான்.

தெரிவு இருந்தால் பகல் கோச்சியைப் பிடியுங்கள். பொடி மெனிக்கேயிலும் உடரட்ட மெனிக்கேயிலும் குடும்பங்கள் இருக்கும், குடிப்பவர்கள் அடங்கி இருப்பார்கள். ராக் கோச்சியில் கடைசிப் பெட்டி வேறு உலகம். கோச்சிக்குள் குடிப்பதும் போதையில் ஏறுவதும் சீருடை இல்லாதவருக்கும் குற்றமே. சீருடையோடு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலே போதும், நீங்கள் தொடாவிட்டாலும் படத்தில் நீங்களும் இருப்பீர்கள்.

லீவில் போகும் மூத்தவர்கள் சோடாப் போத்தலில் கலந்து கொண்டு வந்து "தம்பி, ஒரு வாய்" என்று நீட்டுவார்கள். மறுப்பது கஷ்டம், அதுவும் புதியவருக்கு. நீண்ட விளக்கம் தேவையில்லை. சிரித்த முகத்தோடு "அத எபா அய்யே" என்றால் போதும், இன்றைக்கு வேண்டாம் அண்ணே என்பதுதான். "ஏன்?" என்றால் "அம்மா ஸ்டேஷனுக்கு வாறாங்க" என்று சொல்லுங்கள். அம்மா வருகிறார் என்றதும் இரண்டாம் முறை வற்புறுத்துபவர் குறைவு. மதத்தையோ ஒழுக்கத்தையோ காரணம் சொன்னால் நீங்கள் அவர்களுக்குப் புத்தி சொல்வது போல ஆகிவிடும், பேச்சு வளரும். மேலதிகாரி நீட்டினால் எழுந்து நின்று, "இல்லை சேர், நன்றி சேர்" என்று சொல்லி உட்காருங்கள். மரியாதையாகச் சொன்ன மறுப்புக்கு எந்த அதிகாரியும் கோபிக்க முடியாது.

கதவடிப் பயணம் வேண்டவே வேண்டாம். இந்தப் பாதையில் நாற்பதுக்கு மேற்பட்ட சுரங்கங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு ஆள் தலைக்குக்கூட இடமில்லாத இடங்கள் உண்டு. போதையில் மிதிபலகையில் தொங்கியவர்கள் உயிரோடு வீடு போகாத கதைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கின்றன. கூட வருபவர் போதையில் கதவடிக்குப் போனால் இழுத்து உட்கார வையுங்கள். அங்கே தரவரிசை பார்க்க வேண்டாம்.

கர்ப்பிணியோ முதியவரோ நின்றால் எழுந்து இடம் கொடுங்கள். இதற்கும் மதுவுக்கும் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். சீருடையில் ஒரு தமிழ்ப் பிள்ளை இடம் கொடுப்பதைப் பார்த்த பெட்டி உங்களை வேறு மாதிரி நடத்தும்.

5. பஸ்ஸும் ஓட்டோவும்

பஸ்ஸில் முன் ஆசனம் மதகுருமாருக்கு. வாயில் வாசத்தோடு அவர்கள் பக்கத்தில் சீருடையில் நிற்பதைப் போலச் சங்கடம் வேறில்லை.

ஓட்டோவில் ஏறும் முன் சாரதியோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். வாசம் வந்தால் ஏறாதீர்கள். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுவுக்கு மேல் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம். ஆனால் நோர்வூட், மஸ்கெலியா வளைவுகளில் அதற்குக் குறைவாக இருந்தாலும் ஆபத்துதான். "ஆமிக்காரர் இருக்கிறார், பொலிஸ் நிறுத்தாது" என்று சொல்லி உங்களை முன்னால் உட்கார வைக்கும் சாரதியின் வண்டியில் கட்டாயம் ஏறாதீர்கள்.

6. டவுனில் இறங்கியதும்

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ இறங்கியதும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் காத்திருப்பார்கள். "வா மச்சான், ஒரு ரவுண்ட்." சந்தோஷமாகப் போங்கள், சாப்பாட்டுக் கடைக்கு. சீருடையில் பார், வைன் ஸ்டோர், தவறணை வாசலில் நிற்பதையே தவிருங்கள். உள்ளே போகாமல் வெளியே நின்றாலும் பார்ப்பவருக்கு ஒன்றுதான். கூட்ட நாளில் "நீ போனா வரிசையில நிக்க வேணாம், எங்களுக்கும் சேர்த்து வாங்கிட்டு வா" என்று காசைக் கையில் திணிப்பார்கள். அதை வாங்காதீர்கள். உங்கள் சட்டையை வைத்து வரிசை தாண்டிய கதை மறுநாள் தோட்டம் முழுக்கப் போய்விடும்.

செலவையும் பாருங்கள். பொகவந்தலாவை, சாமிமலை, டயகமப் பக்கம் பொழுது சாய்ந்தால் பஸ் குறைந்துவிடும். கடைசி பஸ்ஸை விட்டால் ஓட்டோவுக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். ஒரு முழுப் போத்தல் சாராயத்தின் விலை, கொழுந்தெடுக்கும் அம்மாவின் இரண்டு நாள் பேரை, அதாவது நாள் சம்பளத்தை, தொட்டுவிடும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

கேம்பிலிருந்து போத்தல் கொண்டு வந்து தோட்டத்தில் விற்றால் கொஞ்சம் இலாபம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது விற்பது கலால் குற்றம். வேலை போகும்.

7. லயத்தில்

வீட்டில் நுழைந்ததும் அம்மா, அப்பா, பாட்டி காலைத் தொட்டுக் கும்பிடுங்கள். சீருடையில் உங்களைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. லயத்தின் கடைசியில் இருக்கும் தொங்கல் வீட்டிலிருந்தும் வருவார்கள். போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். அது முடிந்ததும் உடனே மாற்றிவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் சித்தப்பா ஒரு போத்தலோடு வருவார்.

மறுக்கும்போது உறவு முறை பார்த்துப் பேசுங்கள். பெரியப்பா, மாமா முறைக்காரர்களிடம் "சட்டை மேல இருக்கு மாமா, கழட்டிட்டு வாறேன்" என்பது நல்ல பதில். அது மறுப்பாகவும் இருக்காது, பொய்யாகவும் இருக்காது. பெரியவர்களுக்கு அது உடனே விளங்கும். மச்சான்மாருக்குத்தான் விளங்காது. அவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

கல்யாணம், மாரியம்மன் திருவிழா, கருமாதி எதற்கும் சீருடையில் வரச் சொல்லி அழைப்பார்கள். கெத்தாக இருக்கும் என்பார்கள். போவதென்றால் சாமி கும்பிட்டு, ஆசீர்வாதம் கொடுத்து வாங்கி, பந்தி தொடங்கும் முன் வீட்டுக்கு வந்துவிடுங்கள். தப்படித்து ஆட்டம் தொடங்கிய பிறகு சீருடை அங்கே இருக்கக் கூடாது. இப்போது எல்லாருடைய கையிலும் போன். இஞ்சி பியரைக் குவளையில் ஊற்றிப் பிடித்தால் படத்தில் சாராயம் போலவே தெரியும். நெக்டோவோ இஞ்சி பியரோ, லேபல் தெரிகிற மாதிரி போத்தலோடு பிடியுங்கள்.

உங்கள் சட்டையையோ தொப்பியையோ சிநேகிதன் ஒரு படத்துக்காகக் கேட்டால் கொடுக்காதீர்கள். சிப்பாய் அல்லாதவர் இராணுவ உடை அணிவது சட்டப்படி குற்றம், கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும். அவர் அதைப் போட்டுக்கொண்டு கையில் பியரோடு டிக்டொக்கில் வந்தால், சட்டையில் இருப்பது உங்கள் பெயர்.

கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீருடையிலும் வேண்டாம், சிவிலிலும் வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவருக்கே சரியாகத் தெரியாது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கசிப்பு விற்பவர் உங்களை இலவசமாக உபசரிப்பார். உங்களைத் தன் வீட்டு வாசலில் நான்கு பேர் பார்த்தால் போதும், "ஆமிக்காரரே இங்க வாறார்" என்று அவருக்குக் காவல் கிடைத்துவிடும். நம் லயங்களில் எத்தனை வீட்டுச் சம்பளம் அந்த வாசலில் போகிறது என்று நமக்குத் தெரியும். குப்பை பொறுக்கும் பிள்ளைகள் முதல் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்கும் பெண்கள் வரை உங்களைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறார்கள். அந்த வாசலுக்கு உங்கள் சீருடை காவல் நிற்கக் கூடாது. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

8. திரும்பும் நாளுக்குக் கணக்குப் போடுங்கள்

லீவில், சிவிலில், வீட்டில் குடித்தீர்கள், சரி. திரும்பும்போது உடம்பில் மிச்சம் இருக்கக் கூடாது. சாராயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மது. கால் போத்தல், அதாவது 180 மில்லிலீற்றர் குடித்தால் 47 கிராம் அளவுக்குச் சுத்த மது உள்ளே போகிறது. உடம்பு மணிக்கு 7, 8 கிராம்தான் கரைக்கும். ஆக ஆறேழு மணி நேரம். அரைப் போத்தலுக்கு 12 மணிக்கு மேல்.

"நான் பியர்தான் குடித்தேன்" என்பது இன்னொரு பொறி. 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் பெரிய போத்தல் ஒன்றில், 625 மில்லிலீற்றரில், கிட்டத்தட்ட ஒரு கால் போத்தல் சாராயத்தில் இருக்கும் அளவு மது இருக்கிறது. குளித்தாலும், தேசிக்காய் கடித்தாலும், கோப்பி குடித்தாலும் அது வேகமாகக் கரையாது. வாசத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

நான் சொல்லும் கணக்கு இது: கேம்பில் பதிய வேண்டிய நேரத்திலிருந்து முழுதாக 24 மணி நேரம் பின்னால் எண்ணுங்கள். அதற்குப் பிறகு ஒரு துளியும் வேண்டாம். திங்கள் காலை ஆறு மணிக்குப் பதிய வேண்டுமானால், ஞாயிறு முழுக்க வெறும் தேத்தண்ணிதான். வழியனுப்ப வரும் சொந்தம் ஞாயிறு மாலைதான் போத்தலோடு வரும் என்பதால், புறப்படும் நாள் ஞாயிறு என்பதைச் சனிக்கிழமையே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

மலைப் பாதையில் மண்சரிவு, கோச்சித் தாமதம் எல்லாம் சகஜம். ஒரு கோச்சி முன்னதாகவே புறப்படுங்கள். தாமதமாகி வாசமும் அடித்தால், மண்சரிவு என்று நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

9. ஏதாவது நடந்துவிட்டால்

அட்டையோ சீருடையோ தொலைந்தால், போதை தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கூட இருக்கும் தெளிவான ஒருவரை அழைத்துக்கொண்டு பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியுங்கள். பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பிரிவுக்கு அழையுங்கள்.

பொலிஸோ இராணுவப் பொலிஸோ நிறுத்தினால் அட்டையைக் காட்டுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "நான் யார் தெரியுமா" என்ற பேச்சு வேண்டாம், தெரிந்த அதிகாரி பெயரை இழுக்கவும் வேண்டாம். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை வாசிக்க முடியாவிட்டால் கையெழுத்துப் போடும் முன் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, பணிவாகக் கேட்டாலே போதும். பிறகு முதல் அழைப்பு பிரிவுக்கு, இரண்டாவது வீட்டுக்கு. அவர்கள் வேறு வழியில் கேள்விப்படும் முன் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.